அரைப்பேச்சுகள் மலையேறிய வருஷம்

மேலக்கோம்பை வாழைத்தார் மண்டியில் ஏலம் கூவுகிற பேச்சிமுத்துவுக்குத் தொண்டை கெட்டுப்போன வருஷத்தில்தான், அந்த ஊரின் அரைப்பேச்சுகள் எல்லாம் மத்தியானப் பேருந்தில் ஏறி மலைக்குப் போயின. போனதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் மண்டி வாசல் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால், கையில் இருக்கிற டீ ஆறுவதைக்கூடப் பொருட்படுத்தாமல் சொல்வார்கள்.

பேச்சிமுத்து கெட்ட மனுஷன் இல்லை. ஊரில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு முதலில் போய் நிற்கிறவர் அவர்தான். மழையில் யாராவது நனைந்து போனால் கூப்பிட்டுக் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போகிறவரும் அவர்தான். அவரிடம் இருந்த ஒரே தொந்தரவு, மண்டியில் ஏலத்தை முடிக்கிற வேகத்தில் மற்றவர்களின் பேச்சையும் முடித்துவைப்பது. ஒருவர் "அண்ணே, எங்க வீட்டுல..." என்று ஆரம்பித்தால் போதும், "தண்ணி வரலையா, மோட்டார்ல காத்து புடிச்சிருக்கும், வால்வைக் கழட்டி மாட்டு, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று அடித்து முடித்துவிடுவார். ஆரம்பித்தவர் சொல்ல வந்தது வீட்டில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்பதாக இருக்கும். அவ்வளவு அக்கறையாக வழி சொல்கிற மனுஷனிடம் அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று, வந்தவர் மீதியை விழுங்கிக்கொண்டு "சரிண்ணே" என்று திரும்பிப் போவார். பாதி கேட்டதும் மீதி தெரிந்துவிடுகிறவன் முழுசாகக் கேட்டு எதற்கு மத்தவங்க நேரத்தை வீணாக்க வேண்டும் என்று பேச்சிமுத்து உண்மையாகவே நம்பினார். அதை ஒரு தர்மமாகவே செய்துவந்தார்.

அவருடைய மகள் சுகந்தியும் ஒருமுறை அப்படி வந்து நின்றிருக்கிறாள். கல்யாணப் பேச்சு முடிந்து பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த சமயம். உச்சி வெயிலில் வீட்டிலிருந்து மண்டி வரைக்கும் நடந்து வந்து, ரஸ்தாளித் தார்களுக்கு நடுவில் நின்று, "அப்பா, நான் உங்ககிட்ட ஒண்ணு..." என்றாள்.

"முகூர்த்தப் பட்டு சிவப்புதான வேணும்? சிவப்பே எடுத்தாச்சுத்தா. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். போ, வெயில்ல நிக்காத."

சுகந்தி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சிரித்துவிட்டுப் போனாள். கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்குப் போன பிறகு, அவர் போனில் என்ன சொன்னாலும் "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். என் மக என் பேச்சைத் தட்டினதே கிடையாது என்று அவர் மண்டி பூராவும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்படிப்பட்டவரின் தொண்டையில்தான் வீக்கம் வந்தது. மதுரை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு மாசத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது, மீறினால் இருக்கிற குரலும் போய்விடும் என்றார். "அது எப்படி டாக்டர்..." என்று பேச்சிமுத்து ஆரம்பித்தபோது, அவர் மனைவி ராமுத்தாய் தன் கையால் அவர் வாயைப் பொத்தினாள். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அவர் பேச்சை நிறுத்தியது அதுவே முதல் தடவை. கையை எடுக்க அவளுக்கு மனசே வரவில்லை என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

வீட்டில் வைத்து அவரைக் காப்பாற்ற முடியவில்லை. பால்காரர் வரும்வரைதான் தாக்குப்பிடித்தார். ஆகவே ராமுத்தாய் ஒரு முடிவெடுத்தாள். அவள் தம்பி ராசையாவுக்கு மலைமேல் காப்பித் தோட்டம் இருந்தது. தோட்டத்தின் கோடியில், குட்டைக்குப் பக்கத்தில், பெங்களூர் டூரிஸ்ட்டுகளுக்காக அவன் நாலு டென்ட் வாங்கிப் போட்டிருந்தான். மழை மாதங்களில் அங்கே யாரும் வருவதில்லை. "மனுசவாடையே இல்லாத எடமா வேணும்டா, பேசுறதுக்கு ஒரு நாய்கூட இருக்கக் கூடாது" என்று ராமுத்தாய் சொன்னாள். ராசையா தோட்டத்து நாயைக்கூட மேல்வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு, மாமாவை அரிசி பருப்போடு குட்டைக்கரையில் இறக்கிவிட்டுப் போனான்.

முதல் சில நாட்கள் பேச்சிமுத்து பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. டென்ட் ஜிப்பை இழுத்தால் பாதியில் சிக்கிக்கொண்டது. அதைத் திட்டக்கூட முடியவில்லை. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வந்தது. சுற்றிவர வாய்க்கால் வெட்ட வேண்டும் என்பது பாய் நனைந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டி, ஈர விறகைச் செருகி, ஊதினார், ஊதினார், கண் சிவக்க ஊதினார், புகைதான் வந்தது. அலுத்துப்போய் ஊதாங்குழலைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தபோது, அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டது. மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த நாள், ஒருமுறை ஊதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தார். அடுப்பும் பேசாமல் எரிந்தது. இந்த விஷயத்தைக் கீழே போனதும் எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்று நினைத்தார். நினைத்தபோதே, சொன்னால் மறுபடியும் ஊதுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு சந்தேகமும் வந்தது. அந்த மாதிரிச் சந்தேகம் அவருக்கு வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை.

சோறு குழையாமல் வடிக்கக் கற்றுக்கொண்ட நாளில், மத்தியானப் பேருந்து கீழே கொண்டை ஊசி வளைவில் முக்கிக்கொண்டு திரும்புகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, காப்பிச் செடிகளுக்கு நடுவே இருந்த ஒற்றையடிப் பாதையில் ஒரு பேச்சு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது. ஆள் இல்லை, பேச்சு மட்டும். அது சலூன்கார மாணிக்கத்தின் குரல், ஆனால் இருபது வருஷம் இளமையாக இருந்தது. குட்டைக்கரைக் கல்லில் அமர்ந்து மூச்சு ஆறிய பிறகு, "அண்ணே, என் பேரு மாணிக்கம் இல்லண்ணே" என்று ஆரம்பித்தது. வழக்கமாகப் பேச்சிமுத்து குறுக்கே விழுகிற அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பார்த்தது. யாரும் விழாததால், "மாசிலாமணி" என்று முடித்துவிட்டு, பாரம் இறங்கிய மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, வந்த வழியே இறங்கிப் போனது.

பேச்சிமுத்துவுக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. ஆச்சரியப்படுவதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். "பாத்தியாப்பா" என்று யாரிடமும் சொல்லமுடியாத ஆச்சரியம், அடுப்பிலிருந்து இறக்கிய பால் மாதிரி பொங்காமல் அடங்கிவிடும். அவருக்கு வந்தது வெட்கம்தான். இருபது வருஷமாக ஒரு மனுஷன் கழுத்துக்குப் பக்கத்தில் கத்தியை வைத்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் பேரை மாற்றிக் கூப்பிட்டிருக்கிறோமே என்று, அவர் தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் வந்தன. பெண் குழந்தை பிறந்த சேதி வந்தது; அந்தப் பிள்ளை இப்போது காலேஜ் போகிறது. லோடுமேன் ஒருவரின் "அந்தக் குடை ஓட்டைண்ணே" வந்தது. மண்டிக் கணக்குப்பிள்ளையின் "நீங்க சொன்ன வைத்தியத்துலதான் எனக்கு அதிகமாப் போச்சு" என்பது கூச்சப்பட்டுக்கொண்டு செடி மறைவிலிருந்தே தன்னைச் சொல்லிவிட்டு ஓடியது. ராமுத்தாயின் அரைப்பேச்சுகள் வரிசையாக வந்தன, கல்யாணமான புதிதில் தொடங்கிப் போன மாசம் வரைக்கும். ஏச்சும் அழுகையுமாக இருக்கும் என்று பயந்து அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றுகூட அப்படி இல்லை. "அந்தச் செவத்துல ஆணி அடிச்சாப் பெயர்ந்துக்கும்", "இன்னைக்கு எனக்கு முட்டி கொஞ்சம் தேவல", "எனக்கு உப்புமா புடிக்காதுங்க" என்று எல்லாம் சின்னச் சின்னதாக இருந்தன. உப்புமாவைக் கேட்டு அவர் திகைத்துப்போனார். பெண் பார்க்கப் போன அன்று மரியாதைக்காக அவர் உப்புமாவைப் பிரமாதம் என்று சொன்னார். அவருக்கும் அது பிடிக்காது. இரண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் முப்பது வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் அதைத் தின்றிருக்கிறார்கள். மற்றப் பேச்சுகள் சொன்னதும் போய்விட்டன. ராமுத்தாயின் பேச்சுகள் மட்டும் போகாமல் இருந்து, டென்ட் வாசலைப் பெருக்கி, பாத்திரங்களை வேறு இடத்தில் கவிழ்த்துவைத்துவிட்டுத்தான் கிளம்பின.

சுகந்தியின் பேச்சு மட்டும் வரவில்லை. ஒவ்வொரு மத்தியானமும் அவர் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரஸ்தாளித் தார்களுக்கு நடுவே அவள் நின்ற நிலையும் சிரித்த சிரிப்பும், சோற்றில் கல்லைப் போல அவருக்கு நெருடத் தொடங்கின. இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்க வேண்டும். வேறு என்ன இருக்கும். வரும், வந்தால் என்ன பதில் சொல்வது என்று யோசித்து யோசித்து, ஒரு மன்னிப்பை மனசுக்குள்ளேயே செதுக்கி வைத்தார்.

ஊரில் நடந்ததை மொக்கராசு வந்து சொன்னார். மொக்கராசு அந்த மத்தியானப் பேருந்தின் கண்டக்டர். காய்கறி கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் வந்து உட்கார்ந்தார்.

"மாமா, பஸ்ஸுல ஏழு பேருதான் இருக்காங்க, வண்டி ஃபர்ஸ்ட் கியர்லயே திணறுது. டிரைவர் எறங்கி டயரப் பாக்குறாரு. அப்புறந்தான் தெரிஞ்சுது, எல்லாம் உங்களப் பாக்க வர்றதுகன்னு. டிக்கெட் போடணுமான்னு டிப்போவுல கேட்டேன். வழியை மறிக்காம ஒக்காந்தாச் சும்மா ஏத்திக்கன்னுட்டாங்க. பொம்பளைங்க பேச்சு ஒழுங்கா லேடீஸ் சீட்டுல ஒக்காருது மாமா, ஆம்பளைங்க பேச்சுதான் படியிலயே தொங்கிக்கிட்டு வருது."

அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஒரு நாள் மாசிலாமணி சவரம் செய்துகொண்டிருக்கும்போது லேசாக இருமினார். இருபது வருஷமாகத் தொண்டையில் இருந்த கட்டி கரைந்த மாதிரி இருந்தது. அன்று இரவு அவர் குறட்டை விடவில்லை. இப்படியே ஒவ்வொருவராக இருமி, விக்கல் நின்று, முகம் தெளிந்து நடமாட ஆரம்பித்ததும் ஊர் விஷயத்தைப் புரிந்துகொண்டது. மலையில் ஒருத்தர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். பேசாத காது இருக்கிற பக்கம் பேச்சு போகிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது. பேச்சிமுத்து வெட்டிய பேச்சுகள் தீர்ந்ததும், மாமியார்கள் வெட்டியவை, மேலதிகாரிகள் வெட்டியவை, புருஷன்கள் டி.வி. பார்த்துக்கொண்டே வெட்டியவை எல்லாம் பேருந்து ஏறின. பிள்ளையார் கோவிலில் கூட்டம் குறைந்து பூசாரி முகம் வாடினார். சிலர் வேண்டுமென்றே வீட்டில் பாதி சொல்லி நிறுத்தி, மீதியை மலைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இதனால் சந்தையில் கத்தரிக்காய் வாங்குவதுகூடக் கஷ்டமாகிவிட்டது. "கிலோ என்ன..." என்றால், "முப்பத்..." என்று பதில் வந்தது.

மாசம் முடிகிற சமயத்தில் ஒரு வேன் ஏறி வந்தது. பஞ்சாயத்துத் தலைவி பாண்டியம்மாள், மண்டி முதலாளி அருணகிரி, பூசாரி, இன்னும் சிலர் இறங்கினார்கள். ராமுத்தாய் பின்சீட்டில் இருந்தாள். பாண்டியம்மாள் ஒரு பொன்னாடையை எடுத்துப் பேச்சிமுத்துவின் தோளில் போட்டாள்.

"அண்ணே, ஊரே நிம்மதியாத் தூங்குது. நீங்க பேசி எங்களுக்கு எவ்வளவோ செஞ்சிருக்கீங்க, இல்லங்கல. ஆனா பேசாம செஞ்சது அதவிடப் பெருசு. அதனால நீங்க இங்கயே, இப்படியே இருந்துட்டா நல்லதுன்னு ஊர் கூடி முடிவு பண்ணியிருக்கோம். அரிசி பருப்பு எங்க பொறுப்பு."

"மண்டியப் பத்திக் கவலப்படாதீங்க" என்றார் அருணகிரி. "ஒரு ஸ்பீக்கர் வாங்கி மாட்டிட்டேன். அதுவே கூவுது."

வாழ்நாளெல்லாம் கூவிய ஒருவருக்கு, வாயை மூடியதற்காகப் பொன்னாடை போர்த்துகிறார்கள். பேச்சிமுத்துவுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சில் எங்கோ ஒரு முள்ளும் ஏறியது. பதில் சொல்லவும் வழியில்லை. டாக்டர் கொடுத்த கெடுவில் இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்தது. அப்போது ராமுத்தாய் வேனிலிருந்து, "நான் என்ன சொல்றேன்னா..." என்று வாயெடுத்தாள். "சும்மா இருத்தா, பேசிக்கிட்டு இருக்கோம்ல" என்று பூசாரியும் அருணகிரியும் சேர்ந்து அவளை அடக்கினார்கள்.

அவள் அடங்கினாள். ஆனால் அவள் பேச்சு அடங்கவில்லை. அது எல்லோர் கண் முன்னாலும் வேன் படியில் இறங்கி, சேற்றில் கால் வைக்காமல் ஓரமாக நடந்து வந்தது. பஞ்சாயத்துத் தலைவி உட்பட எல்லோரும் ஒதுங்கி அதற்கு வழிவிட்டார்கள். நேராகப் பேச்சிமுத்துவிடம் போய் அவர் காதில், "காது கேக்க ஆரம்பிச்ச புருஷன, அது கேட்ட அன்னைக்கே ஊருக்குத் தூக்கிக் குடுக்கறதுக்கு எனக்கென்ன கிறுக்கா" என்று சொல்லியது.

பேச்சிமுத்து குலுங்கிக் குலுங்கிச் சத்தமில்லாமல் சிரித்தார். பொன்னாடையை எடுத்து வேனுக்குப் போய் ராமுத்தாயின் தோளில் போட்டார். திரும்பி வந்து, டென்ட்டின் ஜிப்பைச் சிக்காமல் ஒரே இழுப்பில் திறந்து, பாண்டியம்மாளைப் பார்த்து உள்ளே கையைக் காட்டினார். நீங்கள் உட்காருங்கள் என்பது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் புரிகிற சைகைதான். பாண்டியம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அன்றைய மத்தியானப் பேருந்து வந்தபோது, தெருவிளக்கு எரியாததைப் பற்றி ஐந்து வருஷமாக அவளிடம் முடிக்கப்படாத பேச்சுகள் வரிசையில் நின்றன. அவள் இறங்கி வந்த பிறகு அருணகிரி போனார். அவர் இரண்டு நாளிலேயே மெலிந்து திரும்பினார். இப்போதும் மேலக்கோம்பையில் அந்த முறை இருக்கிறது. யார் அதிகம் பேசுகிறார்களோ அவர்களை ராசையாவின் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு, ஆனால் போகமாட்டேன் என்று சொன்னவர் இல்லை. சொல்வதற்குள் வேன் கிளம்பிவிடும்.

பேச்சிமுத்து மலையிறங்கிய மறுநாளே திண்டுக்கல் பேருந்தில் ஏறினார். மலையிறங்கிய அன்றே மதுரை டாக்டர் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லியிருந்தார். ஆனால் வாயைத் திறக்க அவருக்கே அவசரம் இல்லை. சுகந்தியின் வீட்டில் மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். அவள் தரையில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து, தண்ணீர் கொடுத்து, தொண்டையைப் பற்றிக் கேட்டாள். அவர் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, முறத்துக்கு மறுபக்கம் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து ஆயத் தொடங்கினார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, நான் என்ன நெனச்சேன்னா..." என்றாள் சுகந்தி.

அந்த இடத்தில் அவள் தானாக நின்றாள். அவர் குறுக்கே விழவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கீரையை ஆய்ந்துகொண்டே அவர் காத்திருந்தார். சுகந்தியின் முகத்தில் ஒரு திகைப்பு வந்தது. கல்யாணமான பிறகு அப்பாவிடம் பேசுகிற எந்த வாக்கியத்துக்கும் அவள் இரண்டாம் பாதியை யோசித்து வைத்ததே இல்லை, தேவைப்பட்டதில்லை. வெறும் கையோடு நிற்கிறவளைப் போல அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் கீரை ஆய்ந்தார்கள். தெருவில் உப்புக்காரர் போனார், தண்ணி லாரி போனது. பாதி முறம் நிறைந்த பிறகு அவளே கேட்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள் மண்டிக்கு வந்தேன்ல. எதுக்கு வந்தேன்னு தெரியுமாப்பா?"

அவர் அவளைப் பார்த்தார். மலையில் செதுக்கிய மன்னிப்பு தொண்டைவரைக்கும் ஏறி வந்து நின்றது.

"மாப்பிள்ளை புடிக்கலைன்னு சொல்ல வந்தேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா? அதான் மொகம் இப்படி இருக்கா?" சுகந்தி சிரித்துவிட்டாள். "புடிச்சிருக்குன்னு சொல்ல வந்தேன்ப்பா. நீங்க, மாமா, ஜோசியரு எல்லாரும் சேந்து பேசி முடிச்சுட்டீங்க. என்னைய ஒருத்தரும் கேக்கல. எனக்கும் சம்மதம், எனக்கு அவர புடிச்சிருக்குன்னு, என் வாயால நானா ஒரு தடவ உங்ககிட்ட சொல்லணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்." ஒரு காம்பை உருவிப் போட்டாள். "அப்புறம் அவர்கிட்டயே சொல்லிட்டேன்."

அதனால்தான் அது மலைக்கு வரவில்லை. அது போகவேண்டிய இடத்துக்கு எப்போதோ போய்விட்டது.

பேச்சிமுத்து அடுத்த கொத்தை எடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வந்தவளைத் தடுத்திருந்தால் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்கலாம். சரி என்று சொல்ல, அத்தனை ஆசையாக, அந்த வெயிலில் நடந்து வந்தவளை அனுப்பியதற்கு என்ன கேட்பது? செதுக்கி வைத்த மன்னிப்பு எதிலும் பொருந்தாமல் நின்றது. அதை நெட்டித் தள்ளிக்கொண்டு பழைய வார்த்தைகள் வந்தன. அதான் புடிச்சிருக்குல்ல, அப்புறம் என்ன, நல்லாத்தான இருக்கீங்க, விடு. ஒவ்வொன்றும் நுனிநாக்குவரைக்கும் வந்து எட்டிப் பார்த்தது. அவர் ஒவ்வொன்றையும் விழுங்கினார். விழுங்குவது இவ்வளவு கஷ்டமா என்று, அத்தனை வருஷமாக விழுங்கிய ஊரை நினைத்துக்கொண்டார்.

"ஏதாவது பேசுங்கப்பா" என்றாள் சுகந்தி. "டாக்டர் பேசலாம்னு சொல்லிட்டாருன்னு அம்மா போன்ல சொல்லுச்சே."

அவர் தொண்டையைச் செருமினார். குரல் இருந்தது. ஆற்றைத் தாண்டிக் கேட்கிற அந்தக் குரல் இல்லை, முறத்தைத் தாண்டிக் கேட்கிற அளவுக்கு ஒன்று.

"அப்புறம்?" என்றார் பேச்சிமுத்து.

சுகந்தி கையில் இருந்த கொத்தை முறத்தில் வைத்தாள். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, மூன்றாம் வகுப்பில் டீச்சர் அவளை அடித்ததிலிருந்து ஆரம்பித்தாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வேலை முடிந்து வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தியபோது, அந்த வீட்டில் அதுவரை கேட்டிராத அளவுக்கு நீளமாக ஒரு பேச்சு ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது, நடுநடுவே மாமனாரின் "அப்புறம்?" தாழ்வாகக் கேட்டது. கேட் சத்தம் போடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் திறக்காமல், டிஃபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரம்வரைக்கும் தெருவில் வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தார்.